நிலுவையில் ஓர் இலை

20 மே 2024, திங்கள்

கிளினிக் நோயாளிகளுக்கு நாங்கள் அனுப்பும் காலை நினைவூட்டல்கள் இன்றும் போகவில்லை. புக்கிட் பாரு கிளினிக்கிலிருந்து சந்திரமதி அழைத்தாள். கவுண்டரில் உட்காரும் பெண். "மேடம், பேஷண்ட் பாதிப் பேர் வரல. டாக்டர் சும்மா உக்காந்து என்னையே பாக்குறார். எஸ்.எம்.எஸ். போச்சா இல்லையா?"

சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சிவப்பில் ஒரு வரிகூட இல்லை. வேலை தொடங்கியதாகப் பதிவு இருக்கிறது, முடிந்ததாக இல்லை. நடுவில் ஒன்றுமில்லை. பிழை என்றால் சத்தம் போடும், பிடித்துவிடலாம். இது சத்தமே போடாமல் எங்கோ நின்றுகொண்டு எதற்கோ காத்திருக்கிறது.

எங்கள் பத்து பெரெண்டாம் ஆபீசிலிருந்து, என்னோடு நிரல் எழுதும் ஜெயபாலன் போனில் சிரிக்கிறான். "அதுல பெனுங்கு பூந்துருச்சுக்கா."

மலாயில் துங்கு என்றால் காத்திரு. பெனுங்கு என்றால் காத்திருப்பது. ஓரிடத்தை விட்டுப் போகாமல் அங்கேயே குடியிருக்கும் ஆவிக்கும் அதே பெயர்தான். இத்தனை வருடம் இந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இரண்டும் ஒன்று என்று இன்றுதான் உறைத்தது.

21 மே, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: சர்வருக்குள் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறான். மாமாக் சாப்பாட்டுக் கடையில் எல்லா மேசைக்கும் ஒரே ஆள் இருக்கிற மாதிரி. ஆர்டர் வாங்குவான், அடுப்புப் பக்கம் கத்திச் சொல்வான், ரொட்டி வேகும்வரை அங்கே நிற்க மாட்டான். அடுத்த மேசைக்குப் போய்விடுவான். வெந்ததும் அவர்கள் குரல் கொடுப்பார்கள். குரல் வந்தால் என்ன செய்வது என்பதை முன்பெல்லாம் கால்பேக் என்று ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி எழுதுவோம். எங்கள் நினைவூட்டல் நிரலும் அப்படித்தான் இருந்தது. எழுதிய எனக்கே படிக்க வரவில்லை. போன வாரம் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் பிராமிஸ், அவெய்ட் என்று மாற்றினேன்: பதில் பிறகு வரும் என்று ஒரு வாக்கு, அது வரும்வரை ஒரு காத்திருப்பு. ஒரு வரி. காத்திரு. அடுத்த வரி. பார்க்கவே அழகாக இருந்தது.

அழகில்தான் கோளாறு. ஒவ்வொரு செய்திக்கும் 'போய்ச் சேர்ந்தது' என்ற தகவல் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து திரும்பி வரும்வரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். ஒருவருக்கு வந்தால்தான் அடுத்தவருக்கு அனுப்பும். முதல் ஆளுக்கே தகவல் வராவிட்டால் பின்னால் இருக்கிற எல்லாரும் நிற்க வேண்டியதுதான்.

முதல் ஆள் யார் என்று பார்த்தேன்.

தனபாலன்.

இந்தச் சேவையை முதன்முதலாக எழுதியபோது சோதித்துப் பார்க்க ஒரு நோயாளி வேண்டியிருந்தது. எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான், வீட்டில் இருக்கிறவர் எண்ணைப் போட்டுவிடுவோம். தனா சோபாவில் படுத்திருந்தார். போன் அடித்ததும் எடுத்துப் படித்துவிட்டு, தன் அரைத் தமிழில், "ருக்கு, எனக்கு என்ன சக்கிட், டாக்டர் கூப்பிடுது?" என்றார். நோய் ஒன்றுமில்லை, சும்மா டெஸ்ட் என்றேன். "சும்மாவா? அப்ப நான் வர்றேன்" என்று 1 அழுத்தினார்.

அவர் காணாமல் போன பிறகும் அந்த வரியை நான் எடுக்கவில்லை. ஏழு வருடமாக என் சர்வர் தினமும் காலையில் அவருக்கு ஒரு செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது. 'திரு. தனபாலன், நாளை காலை உங்கள் முன்பதிவு. வருவதானால் 1 அழுத்தவும்.' பழைய நிரல் அனுப்பிவிட்டு மறந்துவிடும். பதில் வந்ததா என்று கேட்காது. அதற்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தது நான்.

ஒரு கிளினிக்கின் நோயாளிகள் அத்தனை பேரும் என் புருஷனுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள்.

23 மே, வியாழன்

ஜெயபாலன் நிரலைப் பார்த்துவிட்டான். "அக்கா, ஆள் ஆளா சுத்துற லூப்புக்குள்ள அவெய்ட்டா? புதுசா வந்தவங்க எழுதியிருந்தா கிழிச்சித் தொங்க விட்டிருப்பீங்க." அந்த வரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பெயரைப் பார்த்திருப்பான்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டு, எல்லாப் பதிலும் வந்ததும் முடித்துக்கொள்ளும்படி மாற்றினேன். செய்திகள் போய்விட்டன, கிளினிக் நிம்மதி. ஆனால் வேலை முடியவில்லை. எல்லாரும் வந்தாயிற்று, ஒருவர் பாக்கி. ஒருவர் வராவிட்டால் 'எல்லாரும்' என்பது நிறைவேறாது.

24 மே, வெள்ளி

மாக் இன்று பார்ச்சு பேச்சை எடுத்தார்.

மாக் என் மாமியார். இந்த காஜா பெராங் செட்டி வீடுகளில் பிறந்து இங்கேயே வாழ்க்கைப்பட்டவர். செட்டிகள் தமிழ் வம்சம்தான், ஆனால் பேசுவது மலாய். இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன். இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் மட்டும் என்பதால் நோட்டை மேசையில் திறந்தே வைக்கலாம். அது ஒரு வசதி.

பார்ச்சு வருடத்துக்கு இரண்டு, ஜனவரியில் ஒன்று, ஜூலையில் பழப் பார்ச்சு. செத்துப்போனவர்களுக்கு ஆளுக்கு ஓர் இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததை வைத்து, பழங்களை அடுக்கி, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மாமனார், அவருடைய அண்ணன், பிறந்ததும் போன ஓர் அக்கா. எல்லாருக்கும் இலை உண்டு. தனாவுக்கு இதுவரை போட்டதில்லை.

"நேத்துக் கனவுல வந்தான். கேட்டைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறான். உள்ளே வாடான்னேன். யாரும் கூப்பிடலையே மாக்னு சொல்றான். இளைச்சுப் போயிட்டான் ருக்கு."

நான் காய்கறி நறுக்குவதை நிறுத்தவில்லை.

இந்த வீட்டு வழக்கத்தில் மூத்தவர் இளையவருக்கு இலை போடக் கூடாது. தாய் மகனுக்குப் போட முடியாது. அண்ணன் தம்பிக்குப் போட முடியாது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. போடுவதானால் நான்தான் போட வேண்டும்.

நான் போட்டால் அவர் செத்துவிட்டார். போடாவிட்டால், ஒருவேளை செத்திருந்தால், பசியோடு கேட்டருகே நிற்கிறார்.

27 மே, திங்கள்

இரவெல்லாம் நாய் கேட்டருகே குரைத்தது. எழுந்து போய்ப் பார்க்கவில்லை. எதைப் பார்க்கப் பயந்தேன்? யாராவது நிற்பதையா, யாரும் நிற்காததையா?

1 ஜூன், சனி

அபாங் கருணாகரன் புக்கிட் பாருவிலிருந்து வந்தார். தனாவின் அண்ணன். உட்கார்ந்து ஒரு கோப்பை காப்பி முடியும்வரை மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, "ஏழு வருஷம் ஆச்சும்மா. கோர்ட்டே ஒத்துக்கும். நீ ஏன்..." என்று நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர். அந்த 'நீ ஏன்' தான் குத்தியது.

நான் ஏன்?

காரை க்ளேபாங் கடற்கரையில் கண்டுபிடித்தார்கள். கதவு பூட்டவில்லை. சீட்டில் செருப்பு. வேறொன்றும் இல்லை. கடல் எதையும் திருப்பித் தரவில்லை. சில மாதமாகவே பேச்சு குறைந்திருந்தது அவருக்கு, சாப்பாடு குறைந்திருந்தது. டாக்டரிடம் போகலாம் என்றேன், சரி என்றார். அன்று காலை சாவியை எடுத்துக்கொண்டு "கெஜாப்" என்றார். கொஞ்ச நேரம் என்று அர்த்தம். அவருடைய கெஜாப் எப்போதும் மணிக்கணக்கு. அதனால் நான் மத்தியானம்வரை பயப்படவே இல்லை.

ஒரு பிராமிசுக்கு மூன்று நிலைதான். நிறைவேறியது, மறுக்கப்பட்டது, நிலுவை. முதல் இரண்டில் எது வந்தாலும் அடுத்த வரிக்குப் போகலாம். மறுப்பையும் கையில் வாங்கிக்கொண்டு ஏதாவது செய்யலாம். மூன்றாவதில்தான் ஒன்றும் செய்ய முடியாது.

4 ஜூன், செவ்வாய்

"டைம்அவுட் போடுங்கக்கா. இவ்வளவு நேரம் பாப்போம், பதில் வரலன்னா விட்டுட்டு முடிச்சிக்குவோம்னு ஒரு வரி. எவ்வளவு நேரம்னு நீங்களே ஒரு நம்பர் வைங்க" என்றான் ஜெயபாலன்.

மாலைவரை அந்த இடத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம்? ஒரு மணி? ஒரு நாள்? இதற்கு யார் எண் சொல்வது?

5 ஜூன், புதன்

எண் வைக்கவில்லை. தனா வரியைப் பட்டியலிலிருந்து பிரித்துத் தனியாக ஓட வைத்துவிட்டேன். இனி அவருக்காக யாரும் நிற்க வேண்டாம். அவருக்குத் தனியாக ஒரு காத்திருப்பு.

ஜெயபாலன் பார்த்துவிட்டு, "இது ஃபிக்ஸ் இல்லக்கா" என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

11 ஜூன், செவ்வாய்

போய்ச் சேர்ந்தது.

காலையில் பதிவுகளைத் திறந்தால் தனா வரியில் 'டெலிவர்ட்' என்று இருக்கிறது. ஏழு வருடத்தில் முதல் தடவை. மூன்று முறை பக்கத்தைப் புதுப்பித்தேன். அப்படியேதான் இருக்கிறது.

12 ஜூன், புதன்

தெரியும். எனக்குத் தெரியாததா? பணம் போட்டுப் போட்டு அந்த எண்ணை உயிரோடு வைத்திருந்தேன். போன வருடம் டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது காலாவதியாகிவிட்டது. கடைக்குப் போய்க் கெஞ்சினேன், முடியாது என்றார்கள். இப்படிச் செத்த எண்களைக் கொஞ்ச நாள் கழித்து வேறு யாருக்காவது விற்றுவிடுவார்கள். இது எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

தெரிந்து என்ன செய்ய? இன்றும் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தேன்.

14 ஜூன், வெள்ளி

1 வந்திருக்கிறது.

அழுத்தியிருக்கிறார். வருவதானால் 1 அழுத்தவும். 1. அழுத்தியிருக்கான் யாரோ. யாரோதான்னு தெரியும். தனா, நீயா? எங்க இருக்க நீ? வர்றேன்னா வர வேண்டியதுதானே, எதுக்குடா 1?

15 ஜூன், சனி

மாக்கிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. இலை விஷயத்தை மறுபடி எடுத்தார், வாயில் வந்துவிட்டது. "வேண்டாம் மாக், அவர் போன்ல பதில் வருது."

மாக் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"போன்ல பதில் போடத் தெரிஞ்சவனுக்கு வீட்டுக்கு வரத் தெரியாதா? க்ளேபாங்லேர்ந்து பஸ் இல்லையா?"

பிறகு முறத்தை எடுத்துக்கொண்டார். ஆனால் சாயங்காலம் கேட்டின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

18 ஜூன், செவ்வாய்

ஜெயபாலனும் சொல்லிவிட்டான். "நம்பரை வேற யாருக்கோ குடுத்திருப்பாங்கக்கா. ஒரு கால் அடிங்க, முடிஞ்சது."

முடிந்தது என்பதுதான் பிரச்சினை. அழைத்தால் ஏதோ ஒன்று முடிவாகிவிடும். அழைக்காதவரை தினமும் காலையில் ஒரு 1 வருகிறது. நேற்றும் வந்தது. இன்றும்.

24 ஜூன், திங்கள்

சந்திரமதி வேறு ஏதோ கேட்க அழைத்தாள். கடைசியில், "அப்புறம் மேடம், ஒருத்தர் வந்தார். அப்பாயின்ட்மென்ட் இருக்குன்னு போனைக் காட்டுனார். தனபாலன்னு இருந்துச்சு. லிஸ்ட்ல அப்படி யாருமே இல்ல. உக்காந்து பாத்துட்டுப் போயிட்டார்."

"எப்படி இருந்தார்?"

"எப்படின்னா... தொப்பி போட்டிருந்தார். ஒல்லியா. கூட்டம் மேடம், நான் மூஞ்சிய சரியாப் பாக்கல."

இளைச்சுப் போயிட்டான் ருக்கு.

25 ஜூன், செவ்வாய்

லீவு சொல்லிவிட்டுக் கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன். கடைசி வரிசை, சுவரோரம். கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று வெளியே போய்ச் சூடு உள்ளே வந்தது. இருமல், அழுகிற குழந்தைகள். தொப்பி போட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மலாய்ப் பெரியவர். இன்னொருவர் சீனர்.

அவர் வந்தால் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். கோபம் வருமா? எத்தனையோ வருடம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றுகூட நினைவில் இல்லை. மூஞ்சிகூட, கண்ணை மூடினால், போட்டோவில் இருக்கிற மூஞ்சிதான் வருகிறது. போட்டோவில் இல்லாத மூஞ்சி எங்கே போனது?

மதியம் சந்திரமதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "மேடம், உங்களுக்கு உடம்பு சரியில்லையா? டாக்டரைப் பாக்குறீங்களா?"

26 ஜூன், புதன்

மறுபடி போனேன். வரவில்லை.

1 ஜூலை, திங்கள்

அழைத்தேன்.

மூன்றாவது மணியில் எடுத்தார்கள். ஆண் குரல்.

"ஹலோ? யாரும்மா அது, மூச்சு மட்டும் கேக்குது. கிளினிக்கா?"

அவர் குரல் இல்லை. முதல் 'ஹலோ'விலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று காத்திருந்தேன், பேசப் பேச மாறிவிடும் என்பது மாதிரி.

"ஆமா. கிளினிக்குக்கு மெசேஜ் அனுப்புற கம்பெனி."

"நல்ல வேளை கூப்ட்டீங்க. டெய்லி வா வான்னு கூப்பிடுறீங்க, வந்தா உங்களைத் தெரியாதுங்கிறாங்க. புக்கிட் காதில்லேர்ந்து ரெண்டு தடவை பஸ் ஏறி வந்துட்டேன். அந்தக் கவுண்டர்ப் பொண்ணு என்னை மொறைக்குது."

"நீங்க ஏன் ஒன்னு அழுத்துனீங்க?"

"வர்றியான்னு ஒருத்தர் கேட்டா வர்றேன்னு சொல்ல வேணாமா? என் மக சொன்னுச்சு, ஒன்னுன்னா சரின்னு அர்த்தம்னு."

"பேரு தனபாலன்னு போட்டிருக்குமே ஐயா."

"எழுத்து பொடிசும்மா. கண்ணாடி இல்லாமப் பாத்தா எல்லாம் என் பேரு மருதமுத்து மாதிரிதான் தெரியுது." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். பழைய போன் வாய்க்காலில் விழுந்துவிட்டதாம், போன மாதம்தான் இந்த நம்பர் வாங்கினாராம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "யாரும்மா அந்தத் தனபாலன்? ரொம்ப முடியாதவரா? டெய்லி கூப்பிடுறீங்களே."

"ஆமாய்யா. முடியாதவர்."

"பாவம். தேடிப் பாருங்க. வீட்டு அட்ரஸ் இருக்கும்ல? ஆளை அனுப்பிப் பாருங்கம்மா."

இருக்கிறது என்றேன். வீட்டு அட்ரஸ் இருக்கிறது.

2 ஜூலை, செவ்வாய்

ஒன்றும் எழுத வரவில்லை.

4 ஜூலை, வியாழன்

மாக்கிடம் சொன்னேன். புக்கிட் காதிலில் ஒரு பெரியவர், நம்பர் அவரிடம் போயிருக்கிறது, அவர்தான் பதில் போட்டது என்று. மாக் தலையை மட்டும் அசைத்தார். அவர் ஏமாந்த மாதிரித் தெரியவில்லை. நான்தான் அவர் தோளில் சாய்ந்து சத்தம் போட்டு அழுதேன். க்ளேபாங்கில் காரைப் பார்த்த அன்றுகூட இப்படி அழுததில்லை. மாக் என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார், குழந்தையைத் தூங்க வைக்கிற தட்டு.

8 ஜூலை, திங்கள்

டைம்அவுட் எழுதினேன். எண்ணும் வைத்தேன். சின்ன எண்தான்.

எழுதி முடித்தபின் ஒன்று உறுத்தியது. நேரம் முடிந்து நாம் விட்டுவிட்ட பிறகு அந்தப் பதில் வந்தால்? ஒரு முறை முடிவான பிராமிஸ் மறுபடி மாறாது. பிந்தி வருகிற பதில் சத்தமில்லாமல் காணாமல் போகும், வந்ததே யாருக்கும் தெரியாது. இதற்குத்தானே நான் பயந்தேன்? இலையைப் போட்டுவிட்டு, அவர் வந்து, யாரும் திரும்பிப் பார்க்காமல்...

ஜெயபாலனிடம் கேட்டேன். நிரலைப் பற்றித்தான் கேட்டேன். "அது வேற இது வேறக்கா. நீங்க காத்திருக்கிறது ஒரு இடம். பதில் வந்து சேர்ற வாசல் வேற இடம். இத நிறுத்துனா அது ஏன் மூடணும்? வர்றத வாங்கி எழுதி வைக்க தனியா ஒரு ரூட் போட்டுடுங்க. எப்ப வந்தாலும் வாங்கிக்கும். யாரும் அதுக்காக நிக்க வேணாம்."

தெரிந்த விஷயம்தான். புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாசலை எழுதினேன். பிறகு தனாவின் சோதனை வரியை அழித்தேன். உறுதியா என்று கேட்டது. ஆம்.

10 ஜூலை, புதன்

சாப்பிடும்போது மாக்கிடம் கேட்டுவிட்டேன். "இலை போட்ட பிறகு அவர் வந்து நின்னா?"

"வந்தா முதல்ல ஒரு அறை. அப்புறம் சோறு." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். கொஞ்சம் கழித்து, "ரெண்டு அறை" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். இரண்டு பேரும் வாயில் சோற்றோடு சிரித்தோம். ஏழு வருடத்தில் தனாவைப் பற்றிப் பேசிச் சிரித்தது இதுதான் முதல் தடவை.

13 ஜூலை, சனி

மார்க்கெட்டுக்கு நானே போனேன். ரம்புத்தான், மங்குஸ்தான், இரண்டு டுரியான். இலைக் கடைக்காரர் எத்தனை என்று கேட்டார். வழக்கமான எண்ணைச் சொல்ல வாயெடுத்து, "இன்னொன்னும் சேத்துக் குடுங்க" என்றேன்.

14 ஜூலை, ஞாயிறு. பார்ச்சு

எழுதிவிட வேண்டும், நாளை மறந்து போகும் என்பதற்காக அல்ல.

கூடத்தில் வெள்ளைத் துணி விரித்து மாக் தன் வரிசையைப் போட்டார். மாமனாருக்குத் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், சுருட்டு. பெரிய மாமனாருக்கு இனிப்பு அதிகம். பிறந்ததும் போன அவர்களின் அக்காவுக்குப் பால். கடைசி இலை, கதவுப் பக்கம், எனக்கு விட்டிருந்தார். விளக்கு ஏற்றியாயிற்று, சாம்பிராணி புகைந்தது. அபாங் கருணாகரன் சுவரோரம் நின்றார். தம்பியின் இலையை அவர் தொடக் கூடாது, அதனால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இலையைத் துடைத்துப் போட்டேன். பெலிம்பிங் புளிப்புக்காய்ச் சம்பால் நான் அரைத்தது, காரம் அவருக்குத் தகுந்த மாதிரி, மற்றவர்கள் வாயில் வைக்க முடியாது. சோறு. வறுத்த மீன். பழங்கள்.

ஒவ்வொருவரையும் மாக் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். என் முறை வந்தது. மலாயில் சொல்ல வேண்டியதை நேற்றெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். வரவில்லை. "தனா, சாப்பிட வா" என்றேன். தமிழில்.

மாக் என்னைப் பார்த்தார். "பரவாயில்லை, அவனுக்கு அந்த அளவுக்குத் தமிழ் தெரியும்."

எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம், அவர்கள் சாப்பிடட்டும் என்று. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டிலும் பார்ச்சு, அங்கேயும் கதவு சாத்தியிருந்தது. தெரு முழுக்க உயிரோடிருப்பவர்கள் வெளியே, செத்தவர்கள் உள்ளே. அபாங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். எனக்குள் எதுவும் குரைக்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்காரவில்லை என்பதைக் கவனித்தேன்.

மாக் எழுந்து, இருமி, கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார்.

இலைகளை எடுத்துச் சாப்பிட உட்கார்ந்தோம். தனாவின் இலையை மாக் என் பக்கம் தள்ளினார். சம்பால் நாக்கை எரித்தது. கண்ணில் தண்ணீர் வழிய வழிய முழுவதும் சாப்பிட்டேன்.

31 ஆகஸ்ட், சனி

மெர்டேக்கா, சுதந்திர தின விடுமுறை. தொலைக்காட்சியில் அணிவகுப்பு ஓடியது. மாக் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஜனவரி பார்ச்சுவுக்கு அவனுக்கு என்ன வைக்கிறே?"

"பாராங் மீன், பிண்டாங் புளிக்குழம்பு."

"முள்ளு."

"எடுத்துட்டு வைக்கிறேன்."

அணிவகுப்பில் பள்ளிப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். இரண்டாவது தட்டில் கை நின்றுவிட்டது. அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார், அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. மாக் வந்தார், என்னவென்று கேட்கவில்லை, கையை நீட்டிக் குழாயை மூடிவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பிப் போனார்.